அப்பா கட்டிய சேலை

"டேய், அவ்வைப் பாட்டி மவன் வர்றான்!"

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, பள்ளியில் எனக்கு இதுதான் பட்டப்பெயர். காரணம், அப்பா. காலையில் பால்மரம் வெட்டுவார். சாயங்காலம் கோயில் கொட்டகையில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குவார். மாரியம்மன் திருவிழா இரவில் பாட்டியின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு அவ்வையாராக மேடையேறுவார். தோட்டமே கைதட்டும். நான் மட்டும் லயத்து வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்பா, உங்களுக்கு ராஜா வேஷமே கிடைக்கலையா?"

"டி.கே. சண்முகம் போட்ட வேஷம்டா இது" என்று சிரித்தார். அவர் யார் என்று நான் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' கைக்குக் கிடைத்தது. 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தவர் அவர். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தாராம். 1925இல் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது சண்முகத்துக்கு 13 வயதுகூட நிறையவில்லை. என்.எஸ். கிருஷ்ணனும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் அங்கே வளர்ந்தவர்கள். பிற்காலத்தில் சிறுவன் கமல்ஹாசனும் டி.கே.எஸ். குழுவில் பழகினார். 1996இல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயரே அந்த ஆசானுக்குச் செய்த மரியாதைதான்.

கதாநாயகனாக நடித்துப் பேரெடுத்த சண்முகம், முப்பது வயதில் கூன் விழுந்த கிழவியாக மேடையேறினார். கடைசிவரை 'அவ்வை சண்முகம்' என்ற பெயரே அவருக்கு நிலைத்தது. படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த முறை என்னை நினைத்து. ராஜா வேஷம் கிடைக்காமல் அப்பா சேலை கட்டவில்லை. இருப்பதிலேயே கடினமானதை எடுத்துக்கொண்டு, மற்ற வேஷங்களையெல்லாம் தான் பழக்கிய பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின. ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நாடகமும் நின்றது. அப்பா இப்போது பெஸ்தாரி ஜெயாவில், நமக்குப் பழகிய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், தம்பி வீட்டில் இருக்கிறார்.

போன மாதம் என் மகளுக்குப் பள்ளி விழாவில் அவ்வையார் வேடம். அவளை அப்பாவிடம் கூட்டிப்போனேன். அவள் உடனே கூன் போட்டுக் காட்டினாள்.

"முதுகு அப்புறம் வளையட்டும் கண்ணு, முதல்ல குரல் கிழவியாகணும்" என்று எழுந்து நின்றார் அப்பா. வயது எழுபத்தெட்டு. அந்தக் குரல் வந்தது.

நான் முன்வரிசையில், தரையில் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவையாக.