கல்கத்தாவில் எட்டு மாதம்

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் அந்தப் பயணம். எட்டு மாதம் அங்கே மாணவர்களாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்து ஆலை தொடங்கினார்கள். சிவகாசியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். மழையை நம்ப முடியாத அந்தக் கரிசல் பூமியில் தொழில் வந்த வரலாறே அதுதான்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் கல்கத்தா இல்லை, அதற்கு அடுத்தது. கடல் கடந்து வந்த இயந்திரம் நம் ஊருக்குக் கட்டுப்படியாகாது, கைவேலையே தோது என்று தெரிந்ததும் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். போய்க் கற்றுக்கொள்வது பெரிதுதான். ஆனால் காசைக் கொட்டி வாங்கியதை ஓரம் கட்டிவிட்டு மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது அதைவிடக் கடினம். போட்ட முதல் கண்ணை மறைக்கும். பட்டறை முழுக்கத் துருப்பிடித்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு, 'ஒரு நாள் ஓடும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் முதலாளிகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது, அதன் பின்னால் காலண்டர் வந்தது. பட்டாசு தனிக் கதை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு முதலாளி, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் போய் நின்றிருக்கிறார்.

தொழில் நடத்துகிறவர்களிடம் ஏன் எதையும் புதிதாகக் கற்பதில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. கல்யாணம், காதுகுத்து, சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு நேரம் இருக்கிறது. தடுப்பது அந்தஸ்து. கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும், அதுவும் தன்னிடம் சம்பளம் வாங்குகிற பையனிடம். கல்கத்தா போனவர்களுக்கு ஒரு வசதி: அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது.

எனக்குப் பழக்கமான ஓர் அச்சக முதலாளி லித்தோ காலத்து ஆள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எந்த வண்ணம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஃபிலிம் போய், கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் எடுக்கும் முறை வந்ததும் அவருடைய கண்ணுக்கு வேலை குறைந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, பிளேட் எடுக்கும் பையனை மட்டும் நிறுத்திவைத்துப் பாடம் கேட்பார். வெளியே கதவு சாத்தியிருக்கும்.

ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ கேட்டார். பையன் யோசிக்காமல், "நேத்துதான சொன்னேன் அண்ணாச்சி, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று சொல்லிவிட்டான். சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போனார்கள். அவர் கொஞ்சம் பொறுத்து, "ஆமா தம்பி, மறந்துபோச்சு. திரும்பச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு பாடம் பகலிலேயே நடந்தது. அதைவிட முக்கியமானது, மெஷின்மேன்களும் 'இது எனக்குப் பிடிபடலை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் பிழை, தாள் கட்டுக்கட்டாக அச்சான பிறகுதான் வெளியே வரும். இப்போது பிளேட் மாட்டும் முன்பே வந்தது.

நட்சத்திர ஓட்டலில் நடக்கும் பயிற்சி முகாம்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பேச்சாளர் நன்றாகப் பேசுவார், சாப்பாடு நன்றாக இருக்கும், சான்றிதழ் அலுவலகச் சுவரில் ஏறும். அங்கே யாரும் யாரிடமும் தெரியாது என்று சொல்வதில்லை.

பட்டாசுக்கு வருவோம். அங்கே முதலாளிக்குத் தெரியாததற்கு விலை கொடுப்பவர் முதலாளி அல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடுத்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. புதிய கலவைகளை நாக்பூரில் உள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி கொடுத்தது. (ஆலை உரிமத்தை 'நாக்பூர் லைசென்ஸ்' என்று சொல்லிப் பழகிய ஊருக்கு, சமையல் குறிப்பும் நாக்பூரிலிருந்தே வந்தது.) பேரியம் நைட்ரேட்டோடு பல வருடம் பழகிய கை, வேறு கலவைக்கு மாற வேண்டியிருந்தது. ஃபோர்மேன்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி வகுப்பு நடக்கிறது. முதலாளிகள் ஆளை அனுப்பிவைக்கிறார்கள், தங்கள் பங்கு அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். உரிமம் ஒருவர் பெயரில், ஆலை குத்தகைக்காரர் கையில், மருந்து கலப்பவர் தினக்கூலி என்ற ஏற்பாடு இந்தப் பகுதியில் பல முறை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. பெயர் போட்டவருக்குக் கலவை தெரியாது, கலவை தெரிந்தவருக்கு அதிகாரம் கிடையாது.

அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் ஏன் சூடேறும், மணிகளாக உருட்டிய மருந்தைக் காயவைக்கும் இடத்தில் ஏன் அளவுக்கு மேல் குவிக்கக் கூடாது, வெயில் ஏறிய பிறகு ஏன் மருந்தைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் ஃபோர்மேனிடம் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கேட்கலாம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம், லாரி வாசலில் நிற்கும்போது, "இதுக்கு மேல கலக்க வேண்டாம் அண்ணாச்சி" என்று அதே ஃபோர்மேன் வந்து நிற்பார். அது வேலைக் கள்ளமா, எச்சரிக்கையா என்று அந்த நிமிஷத்தில் பிரித்தறிய, கேட்கிறவருக்கே கொஞ்சம் மருந்து தெரிந்திருக்க வேண்டும்.