காலடியில் இருக்கும் பெடல்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் தேவர்சோலையில் இசைக்கருவிக்கு உதிரிப்பொருள் வாங்குவது எளிதன்று. மலையிறங்கிச் சென்று வாங்கியது பொருந்தாமற்போனால், அதை மாற்றிவர இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகவே, பிள்ளைகளின் டிஜிட்டல் பியானோவுக்குப் பெடல் வாங்க எண்ணும் பெற்றோருக்குச் சில சொற்கள்.

மரப் பியானோவில் வலப்புற மிதியை அழுத்தினால், கம்பிகளை அடக்கும் கம்பளித் துண்டுகள் மேலெழும். விரல் அகன்ற பின்னும் நாதம் நீடிக்கும். டிஜிட்டல் கருவியிலோ அம்மிதி பெரும்பாலும் ஒரு சுவிட்சுதான். அது இருவகைப்படும்: மிதித்தால் மின்சுற்றை மூடுவது ஒன்று, திறப்பது மற்றொன்று. இரண்டிலும் பெரும்பாலும் அதே 6.35 மில்லிமீட்டர் பிளக்தான். ஆதலால் வடிவைக் கண்டு ஏமாறலாகாது. வகை மாறினால் காலை எடுக்கையில் ஓசை நீளும், மிதிக்கையில் அறுந்துபோகும்.

எங்கள் கோவிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் சிறுமிக்கு அவ்வாறே நேர்ந்தது. பாடல் குழம்பியது; பழி அவள் விரல்கள்மீது விழுந்தது. கருவியை நிறுத்தி, பெடலை இணைத்த பின் மீண்டும் இயக்கியதும் குறை தீர்ந்தது. பல கருவிகள் இயங்கத் தொடங்கும் கணத்தில் பெடலின் வகையைத் தாமே அறிந்துகொள்கின்றன. அப்போது கால் அதன்மேல் இருத்தலாகாது.

அவ்வசதி இல்லாவிடில், வகையை மாற்றும் சிறு சுவிட்சு உள்ள பெடலை வாங்குங்கள். எம்-ஆடியோ எஸ்பி-2 அத்தகையது. மிதியைப் பாதி அழுத்தி நாதத்தை மெல்ல அடக்க விரும்புவோர், தம் கருவி அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்த பின்னரே யமஹா எஃப்சி3ஏ போன்றவற்றை நாட வேண்டும்.

பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அதன் காலடியில் இருப்பதையும் சற்றே சோதித்துப் பாருங்கள்.