கயிற்றை விட்ட பிறகு

என் அக்காள் மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். "ஞாயிற்றுக்கிழமை எங்க கம்பெனி ஆளுங்க கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு புளியந்தோப்புக்குப் போறோம் மாமா. கயிறு கட்டி விளையாட்டு. நீங்களும் வாங்க, கதைக்கு ஏதாவது கிடைக்கும்" என்றான். எழுத்தாளன் எங்கே போனாலும் கதைக்கு ஆள் பிடிக்கத்தான் போகிறான் என்று நினைக்கும் உறவினர்களிடம் நான் வாதாடுவதில்லை. மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

தர்மபுரிப் பக்கத்துப் புளியமரங்களின் நிழலைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நிழலில், மரத்துக்கு மரம், முழங்கால் உயரத்தில் வடம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கோட்டு சூட்டுப் போட்டுப் பழகிய கனவான்கள் அதன்மேல், கைகோத்துக்கொண்டு, தத்தித் தத்தி நடந்தார்கள். விழுந்தால் ஒன்றரை அடி. ஆனால் முகங்களைப் பார்த்தால் பாதாளத்தின்மேல் நடப்பதுபோல் இருந்தது.

இந்த விளையாட்டின் பூர்வோத்தரம் விளையாட்டு அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல்கள் மூழ்கியபோது, உயிர்ப்படகில் ஏறியவர்களில் வாலிபர்கள் முதலில் செத்தார்கள், பழந்தின்று கொட்டை போட்ட கிழ மாலுமிகள் தாக்குப் பிடித்தார்கள் என்று லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளி கவலைப்பட்டார். ஹிட்லரை எதிர்த்து, 1933-இல் சிறைப்பட்டு, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த கூர்ட் ஹான் என்ற ஆசிரியருடன் சேர்ந்து, 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார். கஷ்டத்தில் ஒருவரையொருவர் விட்டுவிடாதிருக்கப் பழக்குவதுதான் நோக்கம். 1971-இல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸில் அதைச் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. ஹான் முதலில் நடத்திய பள்ளிக்கூடம் இருந்த ஜெர்மானிய ஊரின் பெயர், எழுத்தில் பார்த்தால், சேலம்! 1965 வரை தர்மபுரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், அவ்வளவுதான்.

அடுத்தது சிலந்தி வலை. இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றால் வலை, அதில் பெரிதும் சிறிதுமாகப் பன்னிரண்டு பொத்தல்கள், பன்னிரண்டு பேர். ஒரு பொத்தல் வழியாக ஒருவர்தான் போகலாம். கயிறு உடம்பில் பட்டால் அதில் கட்டிய மணி அடிக்கும், எல்லோரும் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். மணியைக் கவனிக்க என்னை நடுவராக்கினார்கள்.

மானேஜர் உத்தரவு போட்டார். மணி அடித்தது. மறுபடி உத்தரவு போட்டார். மறுபடி மணி. ஐந்து முறை ஆயிற்று. இதற்கிடையே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கனத்த சரீரம், ஸ்டோர் கீப்பராம். ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போய், அவிழாத பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். தம்மைத் தூக்கவேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். அதனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று ஒரு குரல். லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆள், ஐம்பது வயதிருக்கும், எலும்பும் நரம்புமான தேகம்.

"கனத்தைக் கடைசிக்கு வெச்சா யாரு தள்றது? நடுவுலே ஏத்தணும். இந்தப் பக்கம் தூக்க நாலு பேரு, அந்தப் பக்கம் வாங்க நாலு பேரு. கீழே இருக்கிற பொத்தலைக் கடைசியா வர்ற ஒல்லிப் பையனுக்கு விட்டுடுங்க. அண்ணா, நீங்க பலகை மாதிரி விறைப்பாப் படுங்க. தொளதொளன்னு இருந்தாத்தான் கனம்."

ஸ்டோர் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். எட்டுப் பேர் கைகளில் தேர்ச் சப்பரம்போல் மிதந்து போனார். மணி அடிக்கவில்லை. அந்தப் பக்கம் காலூன்றியபோது அவர் முகத்தில் இருந்ததை வர்ணிக்க நான் முயலப் போவதில்லை. மானேஜர் மூட்டைக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் கை தட்டினேன். பொய்யில்லை, உண்மையாகவே தட்டினேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் கிணற்றில் சினைப்பசு ஒன்று விழுந்துவிட்டது. தெருவே திரண்டு வடக்கயிற்றைப் பிடித்தது. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் ஒருவர் பின் ஒருவராக நின்று இழுத்தார்கள். உள்ளே இறங்கி, தத்தளிக்கிற மாட்டின் வயிற்றில் அடிபடாமல் கயிற்றைச் சுற்றிக் கட்டினவர் காலனியிலிருந்து வந்தவர். மாடு மேலே வந்தது. அவரும் வந்தார், முழங்காலெல்லாம் ரத்தம். குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் பாட்டி செம்பு கொண்டுவந்தாள். அவர் குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார். பாட்டி உயரத்திலிருந்து ஊற்றினாள். பாதி தரையில் போயிற்று. பாட்டி கெட்டவளல்ல, அன்று ராத்திரி அவருக்காக விளக்கேற்றி வேண்டிக்கொண்டாள்.

தோப்பில் மத்தியானச் சாப்பாடு வந்தது. மரத்தடியில் மேஜை போட்டு, துணி விரித்து, மானேஜரும் ஆபீஸ்காரர்களும் உட்கார்ந்தார்கள். வேனுக்குப் பின்னால், தரையில், மூட்டை ஏற்றுபவர்கள் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஸ்டோர் கீப்பர் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் சற்று நேரம் நின்றார். பிறகு மேஜைக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தான் நாமெல்லாம் ஒரு குடும்பம்னு தெரிஞ்சுது" என்றார் மானேஜர், என்னைப் பார்த்து. அவர் மனசில் கள்ளம் கிடையாது. நான் ஆமாம் என்றேன்.

சாப்பிட்டு எழுந்து குழாயைத் தேடினேன். குழாய் இல்லை, டிரம்மில்தான் தண்ணீர் இருந்தது. சோற்றுக் கையோடு தயங்கி நின்றேன். எங்கிருந்தோ அந்த மூட்டைக்காரர் எழுந்து வந்து, டிரம்மில் சொம்பை முக்கி எடுத்தார்.

"கையை நீட்டுங்க சார்" என்றார்.

நீட்டினேன். ஒரு சொட்டுக்கூடத் தரையில் வீணாகாமல் ஊற்றினார்.