கையைத் தூக்கிப் பார்

நாடகக்காரர்களுக்கு முப்பது வருஷம் துணி தைத்தவள் நான். ராஜா உடுப்பைக் கொடுக்கும்போது, "கையைத் தூக்கிப் பாருங்க, உட்கார்ந்து பாருங்க" என்பேன். கண்ணாடி முன்னால் எல்லா உடுப்பும் அழகுதான். வாளை ஓங்கும்போது அக்குளில் கிழிந்தால் ராஜா போய்விடுவார், வாடகை உடுப்புக்காரன்தான் நிற்பான்.

போன வருஷம் பேத்தி ஒரு ஜப்பானியப் படக்கதைப் பெண்ணின் படத்தைக் காட்டி, "பாட்டி, காஸ்ப்ளேக்கு இதே மாதிரி தைச்சுக் குடு" என்றாள். மாறுவேடப் போட்டிதானே என்றதும் கோபம். உட்கார வைத்துப் பாடமே எடுத்துவிட்டாள்.

1939இல் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு. எல்லாரும் கோட்டும் டையுமாக இருக்க, ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர் மேலங்கியோடு எதிர்காலத்து மனிதராக வந்து நின்றார். கூட வந்த மர்டில் டக்ளஸும் அதே கோலம். ஃபிராங்க் பால் வரைந்த பத்திரிகைப் படங்களைப் பார்த்து இரண்டு உடுப்பையும் தைத்தவர் அந்தம்மாதான். அடுத்த வருஷமே சிகாகோ மாநாட்டில் வேடப் போட்டி வந்துவிட்டது. காஸ்ப்ளே என்ற பேரை ஜப்பானில் தகாஹாஷி நொபுயுகி பத்திரிகையில் எழுதியது 1983இல்தான். ஆனால் முதல் வேடக்காரர் என்று நெடுங்காலம் அக்கர்மனைத்தான் சொன்னார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் நாடக நோட்டீஸில் மைக் செட்காரர் பேர்கூட வரும், தையல்காரி பேர் வராது.

நகோயாவில் 2005 முதல் நடக்கும் உலகப் போட்டியில் ஜோடியாக மேடையேறி, சில நிமிடத்தில் ஒரு காட்சியையே நடித்துக் காட்ட வேண்டுமாம். உடுப்பையும் அவர்களே செய்திருக்க வேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்தது. தைத்தவளுக்குத்தான் எந்த இடம் இழுக்கும், எவ்வளவு வீசி நடக்கலாம் என்று தெரியும்.

"அப்போ நீயே தை" என்றேன். மூன்று வாரம் மிஷினோடு மல்லுக்கட்டினாள். காஜா கோணல், கழுத்துப்பட்டை சுருக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. உடுத்திக்கொண்டு கூடத்தில் நடந்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது, குரல்கூட மாறியது. வாசலில் பால்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

காஸ்ப்ளே நடந்த இடத்தில் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டு, "யாரு தைச்சது?" என்றார்களாம். "நானேதான்!" என்று சொன்னதை வந்து நாலு தடவை சொன்னாள்.

முந்தின ராத்திரி அவள் தூங்கிய பிறகு, வலது அக்குளைப் பிரித்து இரட்டைத் தையல் போட்டதை நான் சொல்லவில்லை.