குரல் கணக்கான கதை

பிலிமத்தலாவை.

அன்புள்ள மருமகனுக்கு,

உன் ரொறன்ரோக் கந்தோரில் டி-1 என்ற தொலைபேசி யந்திரங்களைப் பழஞ்சரக்கென்று கழற்றுவதாகவும், அவை எவ்விதம் தோன்றின என்றும் எழுதிக் கேட்டிருந்தாய். அவற்றின் பின்னாலுள்ள சிந்தனை இந்நூற்றாண்டிலும் பூஜிக்கத்தக்கது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்பு இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்க் கோல் என்ற தொலைதூர அழைப்பு எடுக்க விரும்புவோர் தபாற் கந்தோரில் பதிவு செய்து, நெடுநேரம் காத்திருந்து, கடைசியில் தொண்டை கிழியக் கத்துவார்கள். கம்பியில் மின்னலையாகச் செல்லும் குரல் தூரத்தால் மெலிய, இடையிலுள்ள பெருக்கிகள் அதனை உயர்த்துகையில் வழியிற் சேர்ந்த இரைச்சலையும் கூடவே உயர்த்தியமையால், தூரம் வளர வளர இரைச்சலும் வளர்ந்தது.

1937இல் பாரிஸில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, குரலை அனுப்பாமல் குரலின் அளவுகளை மாத்திரம் அனுப்பினால் என்ன என்று யோசித்தார். பின்னர் நிலைபெற்ற முறைப்படி, விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒன்று, பூச்சியம் என்னும் எட்டு இலக்கங்களாக எழுதினால், ஒரு குரலுக்கு 64,000 துடிப்புகள். வழியிலுள்ள யந்திரம் துடிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் தீர்மானித்துப் புதிதாக ஒன்றை ஆக்கி அனுப்பும். நம்மூர்ப் பித்தளைக்காரர் நசுங்கிய விளக்கைத் தட்டி நிமிர்த்தாமல் உருக்கிப் புதிதாக வார்ப்பதைப் போல. அதனால் இரைச்சல் அடுத்த கட்டத்துக்குக் கடப்பதில்லை.

ஆயினும் அக்காலத்து வால்வுகளால் இத்தனை வேகத்தைச் சிக்கனமாகச் சாதிக்க முடியாமல், டிரான்சிஸ்டர் வரும்வரை அவ்வெண்ணம் காத்துக் கிடந்தது. 1962இல்தான் அமெரிக்காவின் பெல் நிறுவனம், ஒரு மைலுக்குச் சற்று அதிகமான இடைவெளிதோறும் புதுப்பிக்கும் கருவியை வைத்து, டி-1 முறையைச் சேவைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வோர் அளவிடற் சுற்றிலும் 24 குரல்களுக்கு எட்டெட்டாக 192 துடிப்புகள். அவற்றோடு, வரிசை எங்கே தொடங்குகிறதென்று காட்ட இன்னுமொன்று. அவ்வொற்றைத் துடிப்பின் ஒழுங்கு தவறினால் எது எவருடைய குரலென்றே பிரித்தறிய இயலாது! 193ஐ 8,000 ஆற் பெருக்கினால் விநாடிக்கு 1,544,000.

நம் இலங்கை கைக்கொண்டது ஐரோப்பியரின் ஈ-1. அதில் எட்டெட்டுத் துடிப்புகளுக்கான 32 அறைகள்; முப்பதில் குரல், பூச்சிய அறை வரிசையைக் காக்க, பதினாறாம் அறை அழைப்புச் சைகைகளுக்கு. ஒழுங்குக்கும் சைகைக்கும் தனியறை ஒதுக்கிய இவ்வமைப்பே என் மனத்துக்குக் கூடுதலாக உகந்தது. 1994இல் சீ-மீ-வீ 2 என்ற கடலடி ஒளியிழை வடம் கொழும்பைத் தொட்டபோது, இதே துடிப்புகள் ஒளியாகிக் கடல் கடந்தன.

ரீவ்ஸ் 1971இல் காலமானார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1969இல், பிரித்தானியத் தபாற்றுறை குரலை அளந்து அனுப்பும் இம்முறையைச் சிறப்பித்து ஒரு முத்திரை வெளியிட்டது. ரொறன்ரோவில் பழைய முத்திரை விற்பவர்களிடம் அது கிடைக்குமாயின், எனக்கு ஒன்று வாங்கி அனுப்பு.

அன்புள்ள மாமா