ழகரமும் முல்தானியும்

ஆய்வேட்டின் இயல் ஒன்றைத் திருத்த வேண்டிய இரவில், கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த ‘கிரான் டொரினோ’ திரைப்படத்தை மீண்டும் பார்த்தேன். 2008-இல் வெளிவந்த படம். கொரியப் போரில் பங்கேற்றவர், ஃபோர்டு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், மனைவியை அண்மையில் இழந்தவர் வால்ட் கோவால்ஸ்கி. டெட்ராய்ட் பகுதியில் அவருடைய வீட்டைச் சுற்றி இப்போது வாழ்பவர்கள் மோங் மக்கள். லாவோஸில் அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்டதால் நாடிழந்து வந்தவர்கள் அவர்கள் என்பதையே, பக்கத்து வீட்டுப் பெண் சூ சொல்லித்தான் அவர் அறிகிறார்.

சூவின் தம்பி தாவோவின் பெயரை வால்ட், தேரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகச் சிதைத்து அழைக்கிறார். மோங் ஒரு தொனிமொழி. அதன் உரோமன் எழுத்துமுறையில் சொல்லிறுதி மெய்யெழுத்து பெரும்பாலும் தொனியையே குறிக்கும். அறியாதவர் அதை மெய்யொலியாகவே வாசிப்பார். ஆனால் வால்ட்டின் பிழை அறியாமையால் நேர்வதன்று. முடிதிருத்தகத்தில் இத்தாலிய வம்சாவளி நண்பரும் போலந்து வம்சாவளி வால்ட்டும் பரிமாறிக்கொள்ளும் இனவசைகள் நட்பின் அடையாளம். அவை தாவோவை நோக்கித் திரும்பும்போது அந்தச் சமநிலை இல்லை. அவ்வசைகளுக்குத் திரையரங்கில் எழுந்த சிரிப்பு தம்மை நிலைகுலையச் செய்ததாகத் தாவோவாக நடித்த பீ வாங் பின்னாளில் எழுதினார். அந்த முழுப்பெயர், ‘என் நண்பன்’ என்ற அடைமொழியோடு, வால்ட்டின் உயிலில் இடம்பெறுகிறது. அது வாசிக்கப்படும்போது அவர் உயிரோடு இல்லை.

இதுவரை எழுதியது எளிது. இனி எழுதவிருப்பது அவ்வளவு எளிதன்று.

தில்லியில் நான்காண்டுகளாக நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். என் பெயரிலுள்ள ழகரத்தை ‘ஜ’ ஆக்குவார். பல நாள் வெறும் ‘மதராசி பேட்டி’. ஒருமுறையேனும் நான் அவரைத் திருத்தியதில்லை. மனத்துக்குள் குறித்துக்கொண்டேன், தோழியரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரை ‘இந்திக்காரர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினேன்.

சென்ற மாதம் அவர் மகனின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்த மகள் சொன்னார்: பிரிவினையின்போது முல்தானிலிருந்து கைக்குழந்தையாக வந்தவராம். மனைவியோடு முல்தானியில்தான் பேசுவாராம். அவர் மறைந்தபின் அம்மொழியில் பேச வீட்டில் எவருமில்லை. மொழியிழப்பைப் பற்றி ஆய்வேடு எழுதும் நான், அவருக்கு நேர் மேலே அமர்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தேன். முல்தானியில் சில சொற்களைச் சொல்லித்தரக் கேட்டேன். நீண்ட மௌனத்துக்குப் பின் ஒரு சொல் சொன்னார். அதன் உள்வெடிப்பொலி எனக்கு எளிதில் வாய்க்கவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பிழை. அவர் சிரித்தார்; பிறகு பொறுமையாகத் திருத்தினார்.

என் ழகரத்தை அவருக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. அடுத்த ஞாயிறு மீண்டும் அழைக்க வேண்டும்.