நிலாவை விட்டால் வளையம் கிடைக்கும்

நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் விழுந்தால் "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அகராதியைப் புரட்டினால் பரிவேடம், ஊர்கோள் என்று இன்னும் அழகான பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குப் பஞ்சமில்லை, படத்துக்குத்தான் பஞ்சம். வட்டத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் கேமராவை எடுத்து வந்து, மொட்டை மாடியில் அண்ணாந்து நின்று அமுக்குகிறவர்கள் பலருக்கும் கிடைப்பது கறுப்புத் துணியில் ஒரு வெள்ளைப் பொட்டு. வட்டத்தைக் காணோம்!

காரணம் எளிமையானது. நிலா என்பது நேர் வெயிலில் கிடக்கிற பாறை. அதைப் படம் பிடிக்க நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். வளையமோ மேகத்தில் பட்டுச் சிதறிய மிச்சசொச்ச வெளிச்சம். அதற்கு ஐ.எஸ்.ஓ. 800 வைத்தாலும் மூன்று நான்கு நொடி ஷட்டர் திறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் ஒழுங்காக விழாது. வளையம் வேண்டுமென்றால் நிலாவை வெறும் வெள்ளைத் திட்டாக விட்டுவிட வேண்டியதுதான். இதற்குத்தான் நிறைய பேருக்கு மனசு வருவதில்லை.

மனசைத் தேற்றிக்கொண்டவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நிலாவையே மறைத்துவிடுகிறார்கள். தென்னை மரத்தின் கொண்டை, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்குக் கம்பம், எது கிடைத்தாலும் சரி. நிலா அதன் பின்னால் போனதும் லென்ஸுக்குள் பரவுகிற வெளிச்சக் கறை குறைகிறது, வளையம் பளிச்சென்று தெரிகிறது. ட்ரைபாட் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அதில் கேமராவைச் சாய்க்கலாம். பட்டனைக் கையால் அமுக்கினால் ஆடும், இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பது நல்லது.

அடுத்த தவறு ஜூம். வளையம் நினைப்பதைவிட ரொம்பப் பெரிசு. நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி இருக்கிறது, குறுக்களவு 44 பாகை. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரலை நிலாவின் மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட வளையத்தைத் தொடும். சாதாரண டி.எஸ்.எல்.ஆரோடு வருகிற 18-55 லென்ஸில் 18 வைத்தால்தான் முழு வட்டமும் சட்டத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும்.

இந்த 22 எங்கிருந்து வந்தது? ப்ளஸ் டூ லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணாடி முப்பட்டகத்தை வைத்து, கண் வலிக்க வலிக்கச் சிறும திசைமாற்றக் கோணம் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். பல கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய சல்லாத்துணி போலப் பரவும் மேகத்தில் இருப்பவை அறுகோணப் பனித்துகள்கள். ஒரு பக்கத்தில் நுழைந்து, ஒன்று விட்ட அடுத்த பக்கத்தில் வெளியேறும் ஒளிக்கு அது 60 பாகை முப்பட்டகம். கண்ணாடிக்குப் பதில் பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31-ஐப் போட்டுப் பாருங்கள், விடை சுமார் 22. கொடைக்கானலில் பார்த்தாலும் ஐஸ்லாந்தில் பார்த்தாலும் வட்டம் இதே அளவுதான். அதைவிடக் குறைவாக ஒளி வளைய முடியாது என்பதால் வட்டத்துக்கு உள்ளே வானம் கொஞ்சம் கறுத்திருக்கும். படத்தில் உள்விளிம்பு லேசாகச் சிவந்திருப்பதையும் பார்க்கலாம். அந்த மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, திறந்தே கிடக்கும் கேமராவுக்குப் பிடிபடும்.

அப்படியானால் சில இரவுகளில் நிலாவை ஒட்டியே சின்னதாகத் தெரிகிற வண்ண வட்டம்? அது வேறு சமாச்சாரம். பனித்துகள் அல்ல, பெரும்பாலும் மேகத்தின் நீர்த்துளிகள் செய்கிற வேலை. அதில் சிவப்பு வெளிவிளிம்பில் இருக்கும். "அகல வட்டம் பகல் மழை" என்று பழமொழி சொன்னவர்கள் வட்டத்தின் அளவைக் கவனித்திருக்கிறார்கள் என்பதே ஆச்சரியம்தான். மழை நிச்சயமா என்றால், இல்லை. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும்போதும் உயர்மேகம் முன்னால் பரந்து வரும், எங்கோ இடி மழை கொட்டி முடித்த மேகத்தின் மிச்சமும் வந்து நிற்கும். வட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழும்.

இணையத்தில் சுற்றும் பல படங்களைச் சோதிக்கவும் இந்த 22 உதவும். பெரிய வளையம், நடுவில் பள்ளம் மேடெல்லாம் துல்லியமாகத் தெரிகிற கொழுத்த நிலா! பார்க்க அழகுதான், ஆனால் நிலாவின் அகலம் அரை பாகை. வளையத்தின் குறுக்கே 88 நிலாக்களை வரிசையாக அடுக்கலாம். அந்தப் படங்களில் பத்து நிலாகூட அடுக்க முடியாது. டெலி லென்ஸில் எடுத்த நிலாவைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு படத்தைச் சேர்ப்பதில் குற்றமில்லை, சேர்த்தது என்று கீழே எழுதிவிட்டு, அதே லென்ஸில் எடுத்த நிலாவை அதே அளவில் வைத்தால் சரி. ஆனால் வளையம் சாப்பாட்டுத் தட்டு அளவு என்றால் நிலா அதன் நடுவில் ஒரு கடுகு.